பின்னிருக்கை

மார்ச் 23

அப்பா மதுரையிலிருந்து வந்து பத்து நாள் ஆகிறது. போன முறை வந்தபோது நாங்கள் அட்லாண்டாவுக்கு வடக்கே இருந்தோம். ஆறு மாதமும் சோபா, ஜன்னல், டிவி. நாங்கள் வேலைக்குக் கிளம்பிவிட்டால் அவருக்கு வாசலைத் தாண்ட வழியில்லை. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா வரும் நம்மூர்ப் பெற்றோர் பலருக்கும் இதே கதிதான். அட்லாண்டாவுக்குத் தெற்கே இருக்கும் பீச்ட்ரீ சிட்டிக்கு வீடு மாறும்போது என் மனதில் அதுவும் இருந்தது.

1959இல் உருவான ஊர் இது. கார் போகும் சாலைகள் ஒரு பக்கம். பைன் மரங்களுக்கு நடுவே சுமார் 160 கிலோமீட்டருக்குத் தனிப் பாதை இன்னொரு பக்கம். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் கோல்ஃப் கார்ட் என்ற சின்னத் திறந்த வண்டிக்கும் அது பொது. நூலகத்துக்கும் மளிகைக்கும் அதிலேயே போய்விடலாம். குறுக்கே நெடுஞ்சாலை வந்தால் மேலே பாலம், இல்லாவிட்டால் அடியில் சுரங்கம். மெக்கின்டோஷ் உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகள் ஓட்டி வரும் கார்ட்டுகளை நிறுத்தவே தனி இடம் உண்டு. இந்தியக் கடைக்கு மட்டும் கார்தான்.

மார்ச் 24

எங்கள் கார்ட்டில் அப்பாவுக்கு முதல் சவாரி. முன்னால் உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. பின்பக்கம் பார்த்த இருக்கையில் ஏறிக்கொண்டார். தரையிலிருந்து ஓரடிதான் என்பதால் முட்டி படுத்தவில்லை.

"வில்வண்டியிலே பின்னாடி உட்கார்ந்து போன மாதிரி இருக்கும்மா."

பைன் மகரந்தம் எங்கும் மஞ்சள் பொடியாகப் படிந்திருந்தது. இறங்கும்போது அவர் வேட்டியிலும் மஞ்சள்.

மார்ச் 29

கார்ட் பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது. முழு இரவும் சார்ஜ் போட்டிருந்தேன், அப்படியும். பின்னால் வந்த ஒருவர் கயிறு கட்டி வீடுவரை இழுத்துவிட்டார்.

அப்பா இருக்கையைத் தூக்கச் சொன்னார். ஆறு பேட்டரிகள், 24 மூடிகள். ஒவ்வொன்றாகத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். பல அறைகளில் தண்ணீர் வற்றி, ஈயத் தகடு வெளியே தெரிந்தது. "இன்வெர்ட்டர் பேட்டரிதானே இது! எத்தனை வருஷம் ஊத்தியிருக்கேன்." முதலில் தகடு முங்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்ட் வாட்டர். மீதியைச் சார்ஜ் ஏறிய பிறகுதான் ஊற்ற வேண்டுமாம்; முன்பே நிரப்பினால் பொங்கி வழியும். புனலோடு குனிந்து நின்ற அந்த முக்கால் மணி நேரமும் முட்டிவலி என்று ஒரு வார்த்தை இல்லை. வந்ததிலிருந்து அவரை இவ்வளவு உற்சாகமாக நான் பார்க்கவில்லை.

ஏப்ரல் 2

வண்டி ஓடுகிறது. ஆனால் பக்கத்துத் தெருத் தோழி வீட்டுக்கும் கார்ட் கேட்கிறாள் மகள். அந்தத் தூரத்துக்கு நடைதான் என்று சொல்லிவிட்டேன். கால் இருக்கும்போதே நடக்க வேண்டும். அப்பாவைப் பார்த்தபின் இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஏப்ரல் 6

மகளுக்கு 12 வயது முடிந்துவிட்டது. இந்த வயதில் பெற்றோரோ தாத்தா பாட்டியோ முன்னிருக்கையில் கூட இருந்தால் இங்கே கார்ட் ஓட்டலாம். "தாத்தாதான் என் பக்கத்தில்" என்றாள். சரி என்று நான் பின்னால் ஏறினேன்.

"நடக்கிறவங்க வர்றாங்க, மெதுவா… ம், இப்போ போ." அப்பாவின் குரல் மட்டும் கேட்டது. சுரங்கத்துக்குள் அவள் ஹாரன் அடித்தாள். இன்னொரு தடவை அடி என்றார். நுழைந்து வந்த வாய் வெளிச்சமாகச் சிறுத்துக்கொண்டே போனதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏரிக்கரையில் வாத்துக் கூட்டம் பாதையைக் கடந்து முடிக்கும்வரை வண்டியை நிறுத்தி வைத்திருந்தாள்.

வரும் வழியில் அப்பா கடை முன்னால் நிறுத்தச் சொன்னார். டிஸ்டில்ட் வாட்டர் இரண்டு கேன்.