மலேசியா கிளம்பும் தம்பிகளுக்கு

பள்ளத்தூரில் பக்கத்து வீட்டு அக்கா மகன் மலேசியா கிளம்புகிறான். "விசாவே வேண்டாமாம் அண்ணே, இறங்கின உடனே வேலையாம்" என்றான். காகிதங்களை வாங்கிப் பார்த்தேன். போகவர டிக்கெட், கூடவே மூன்று நாள் ஹோட்டல் முன்பதிவு. சுற்றுலாப் பயணி என்று காட்ட ஏஜென்ட் செய்த ஏற்பாடு.

2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் மலேசியாவில் தங்கலாம், உண்மைதான். அது சுற்றிப் பார்க்க மட்டும். நாள் தாண்டித் தங்கினால் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, இல்லை இரண்டுமே. ஏஜென்டுக்கு ஒன்றும் ஆகாது, மாட்டுவது இவன்தான்.

அந்தக் காலத்தில் நம் ஊரார் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனபோது அக்கரையில் தெரிந்த கடை இருந்தது, தெரிந்த முதலாளி இருந்தார். இவனுக்கு முதலாளி பெயர்கூடத் தெரியவில்லை!

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் ஏஜென்டின் உரிம எண்ணைப் போட்டுப் பாருங்கள். உரிமம் உள்ளவர் 30,000 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி, இதற்கு மேல் சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது. இவனிடம் கேட்டிருப்பது ஒன்றரை லட்சம். அக்கா நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார், கையைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறேன்.

காரைக்குடி பக்கம் யாராவது கிளம்புவதாக இருந்தால், பணம் கட்டும் முன் காகிதத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள். உட்கார்ந்து பார்ப்போம்.