9,500 ரூபா கேட்ட துளை

இரண்டு மாதம் கொழும்பில் தங்கிவிட்டு யாழ்ப்பாணத்துக் கொக்குவிலுக்குத் திரும்பியபோது, என் பழைய 100 சிசி மோட்டார் சைக்கிள் சோக்கை இழுத்தால் மட்டுமே ஓடியது. சோக்கைத் தள்ளியதும் இருமி நின்றுவிடும். கராஜில் காட்டினேன். அங்கிருந்த தம்பி எதையும் கழற்றிப் பார்க்காமலேயே, "காபரேட்டர் முடிந்துவிட்டது அண்ணை, புதிது போட வேண்டும்" என்றார். கூலியோடு 9,500 ரூபா. "நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். போகவில்லை.

அவர் சொன்னதை நான் நம்பாததற்குக் காரணம் அந்தச் சோக்குதான். காபரேட்டர்தான் பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது. சோக் அந்தக் கலவையில் காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்டும். அதோடு மட்டும் ஓடுகிறது என்றால், எங்கோ பெற்றோல் குறைவாக வருகிறது. வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் இயங்கும்போது அதற்குப் பெற்றோல் தருவது பைலட் ஜெட் என்ற சின்னப் பித்தளைத் துண்டு. ஓடாமல் கிடந்த பைக்கில் பெற்றோல் ஆவியாகிப் பிசின் படிந்தால் முதலில் அடைபடுவது அதன் துளைதான்.

ஞாயிறு காலை முற்றத்தில் பழைய சேலைத் துண்டை விரித்தேன். டாங்கிக்குக் கீழே பெற்றோல் வரும் வழியை மூடி, குழாயைக் கழற்றி, காபரேட்டரை வெளியே எடுத்தேன். அதில் பெற்றோல் தேங்கும் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் தேன் நிறத்தில் பசை, ஓரத்தில் கொஞ்சம் செம்மண். வேகமாக ஓடும்போது பெற்றோல் தரும் மெயின் ஜெட் லேசாகக் கழன்றது. பைலட் ஜெட் அசையவில்லை. பித்தளை மென்மையானது, பொருந்தாத ஸ்க்ரூ டிரைவரை வைத்து முறுக்கினால் தலைப்பள்ளம் சிதைந்துவிடும். ஆகவே அரை மணி நேரம் பெற்றோலில் ஊற வைத்து, பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். கழற்றிய ஜெட்டை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சமே தெரியவில்லை.

ஊசியை எடுக்கப் போனபோது அப்பா திண்ணையிலிருந்து குரல் கொடுத்தார்: "ஊசி விடாதே தம்பி. துளை பெருத்தால் பிறகு அது குடிகாரன்தான்." தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காதபோது, காபரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உதைத்துக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய தலைமுறை அவருடையது. அவர் பேச்சைக் கேட்டு, மின்சார வயரை உரித்து அதிலிருந்து ஒரேயொரு செப்பு இழையை எடுத்துத் துளைக்குள் விட்டேன். பிறகு சைக்கிள் பம்பால் காற்றடித்தேன். இந்த முறை வெளிச்சம் குண்டூசி முனையளவு தெரிந்தது.

பெற்றோல், காற்று அளவைச் சரிசெய்யும் கலவைத் திருகைக் கழற்றுமுன், அதை முட்டும்வரை மெல்ல உள்ளே முறுக்கி எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்திருந்தேன்: இரண்டு. பூட்டும்போது அது உதவியது. ஆனால் அக்சிலேட்டரை முறுக்கும்போது உள்ளே ஏறி இறங்கும் சிலைடைத் திருப்பிப் போட்டுவிட்டேன். முதல் உதையிலேயே எஞ்சின் அலறியது. பக்கத்து வீட்டு நாய் மதில் பாய்ந்து ஓடியது. சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டு மறுபடி கழற்றினேன். அதில் சாய்வாக வெட்டிய பள்ளம், வண்டி நிற்கும்போது எஞ்சின் வேகத்தை வைக்கும் ஐடில் திருகின் பக்கம் இருக்க வேண்டுமாம். அதை முதலே பார்த்திருக்கலாம்.

சரிசெய்வதைச் சூடான எஞ்சினில்தான் செய்ய வேண்டும். பக்கத்துத் திருநெல்வேலிச் சந்திவரை போய் வந்து, கலவைத் திருகைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, சத்தம் எங்கே சீராக உயர்கிறதோ அங்கே விட்டேன். பிறகு ஐடில் திருகைக் குறைத்தேன். என்னுடைய கலவைத் திருகு காற்று வடிகட்டியின் பக்கம் இருப்பது. அதை வெளியே திருப்பினால் காற்றுக் கூடும். எஞ்சின் பக்கம் இருக்கும் திருகில் பெற்றோல் கூடும். இது தெரியாமல் முறுக்கினால் நாள் முழுக்க முறுக்கலாம்.

கிண்ணத்தின் ரப்பர் வளையம், அரைப் போத்தல் பெற்றோல் எல்லாம் சேர்த்து 700 ரூபாவுக்குள் முடிந்தது. ஒரு வாரம் கழித்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். சோக்கோடு ஓடியதில் படிந்த கரி போய், நுனி தேநீர்ச் சாயத்தில் இருந்தது. கலவை சரி. அப்பா அதை வாங்கி மூக்கருகே வைத்து மணந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார்.