சுங்கச்சாவடியில் விழுந்த வெளிச்சம்

இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோவின் 'மத்தேயுவின் அழைப்பு' ஓவியத்தைப் பார்க்கப் போக வேண்டிய இடம் இது. ரோமில் நவோனா சதுக்கத்துக்கும் பாந்தியனுக்கும் நடுவில் இருக்கிறது பிரெஞ்சுக்காரர்களின் ஆலயமான சான் லூயிஜி தேய் ஃபிரான்சேசி. நுழைவுக் கட்டணம் இல்லை. தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்திச் செல்லுங்கள். நடுப்பகலில் சில மணி நேரம் கதவடைப்பு. திருப்பலி நடக்கும்போது சுற்றிப் பார்க்க இயலாது. இடப்பக்கமாகவே நடந்தால் கடைசியாக வருவது கொந்தரெல்லி சிற்றாலயம். 1585இல் இறந்த கர்தினால் மத்தேயு கொந்தரெல்லி, தன் பெயர்கொண்ட புனிதரின் வாழ்வை இங்கே வரையச் சொல்லிவிட்டுப் போனார். அந்த வேலை பல கை மாறி, 1599இல் கரவாஜ்ஜோவிடம் வந்தது. இரண்டு பக்கச் சுவர்களுக்கும் 400 ஸ்கூதி (அக்கால நாணயம்) கூலி.

இடச்சுவரில் இருப்பது 'மத்தேயுவின் அழைப்பு': சுங்கச்சாவடியில் வரி வசூலித்துக்கொண்டிருந்த மத்தேயுவை இயேசு தன்னைப் பின்பற்றி வர அழைக்கும் காட்சி (மத்தேயு நற்செய்தி 9:9). உயரமும் அகலமும் மூன்று மீட்டருக்கு மேல். தடுப்பைத் தாண்ட முடியாததால் பக்கவாட்டில்தான் பார்க்க வேண்டும். பலர் நடுவில் நின்று, படம் ஒடுங்கித் தெரிகிறதே என்று நகர்ந்துவிடுகிறார்கள். தடுப்பின் வலக்கோடிக்குப் போனால் படம் விரிந்து தெரியும். எதிர்ச்சுவரில் உள்ள 'மத்தேயுவின் மரணம்' ஓவியத்துக்கு இடக்கோடி.

விளக்கு எரிய நாணயம் போடுவது வழக்கம், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். காசு எண்ணுபவரைப் பார்க்கக் காசு! விளக்கு அணைந்ததும் கிளம்பிவிடாதீர்கள். பீடத்துக்கு மேலே உண்மையான ஜன்னல் ஒன்று இருக்கிறது. படத்திலும் வெளிச்சம் அதே வலப்பக்கத்திலிருந்துதான் வருகிறது. ஓவியத்துக்குள் வரைந்த ஜன்னலோ ஒளி தருவதில்லை.

அந்த ஒளிக்கீற்றுக்குக் கீழே இயேசுவின் கை. சிஸ்டைன் ஆலயக் கூரையில் மைக்கலாஞ்சலோ வரைந்த ஆதாமின் கையை அப்படியே நினைவூட்டும் தளர்ந்த மணிக்கட்டு. இயேசுவின் உடலைச் சீடர் பேதுரு பெரும்பாலும் மறைத்து நிற்கிறார். முகமும் கையும் பாதங்களும் மட்டும் தெரியும். பேதுரு பிறகு சேர்க்கப்பட்டவர் என்று எக்ஸ்ரே ஆய்வில் தெரிந்தது. அவரை மனதில் நீக்கிவிட்டுப் பார்த்தால் அழைப்பு இன்னும் நேரடியாக இருக்கும். ஆனாலும், பேதுருவின் உருவில் திருச்சபை குறுக்கே வந்து நிற்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. இயேசுவின் பாதங்களையும் கவனியுங்கள். கை மேசைப் பக்கம் நீள்கிறது, பாதம் வெளியேறத் திரும்பிவிட்டது.

மேசையில் ஐந்து பேர். இவர்களில் மத்தேயு யார்? தாடிக்காரர் என்பது வழக்கமான பதில். ஆனால் அவர் விரல் தன் மார்பைக் காட்டுகிறதா, பக்கத்தில் தலை நிமிராமல் காசு எண்ணும் இளைஞனையா? பலர் அந்த இளைஞனையே மத்தேயு என்கிறார்கள். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், திருத்தந்தையாகும் முன் ரோமுக்கு வரும்போது அடிக்கடி இதைப் பார்க்க வந்ததாகச் சொல்லியிருக்கிறார்.

நேரமிருந்தால் சில நிமிட நடையில் சாந்த் அகோஸ்தீனோ ஆலயம். அங்கே கரவாஜ்ஜோவின் இன்னொரு படம்: மாதா முன் மண்டியிட்ட திருப்பயணியின் அழுக்குப் பாதங்கள், பார்ப்பவர் முகத்துக்கு நேரே.