தயங்கித் தொலைத்த ஒன்றரை நாள்

2009 ஆகஸ்டில் என் மனைவிக்குப் பன்றிக் காய்ச்சல் வந்தது. அப்போது அவளுக்கு ஏழாவது மாதம். உலக சுகாதார நிறுவனம் ஜூன் 11 அன்று இதைப் பெருந்தொற்று என்று அறிவித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. டிவியைப் போட்டால் இன்று எத்தனை பேருக்கு வந்தது, எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்குதான்.

ஞாயிறு சாயங்காலம் அவளுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. வறட்டு இருமல், தொண்டை வலி, கை கால் குடைச்சல். உடனே மருத்துவமனைக்குப் போகலாம் என்றேன். "வேண்டாங்க, காலையில பாத்துக்கலாம்" என்றாள். அவள் ஏன் தயங்குகிறாள் என்று எனக்குத் தெரியும். இரண்டு வாரம் முன்னால் எங்கள் தெருக்கோடி வீட்டுப் பையனுக்கு இதே காய்ச்சல். சுகாதாரத் துறை வண்டி அந்த வாசலில் நின்றதைத் தெருவே பார்த்தது. அன்றிலிருந்து அந்த வீட்டைத் தாண்டும்போது எல்லோரும் எதிர்ப்பக்கம் மாறி நடந்தார்கள். பையன் குணமான பிறகும் அது நிற்கவில்லை. நானும் அப்படித்தான் நடந்தேன்.

திங்கட்கிழமை பாராசிட்டமால் போட்டதும் சூடு இறங்கியது. சரி, சாதாரணக் காய்ச்சல்தான் என்று எங்களையே சமாதானப்படுத்திக்கொண்டோம். ராத்திரி திரும்ப ஏறியது. செவ்வாய் காலையில்தான் போனோம்.

மருத்துவர் முதலில் கேட்டது, "காய்ச்சல் எப்ப ஆரம்பிச்சுது?" சொன்னேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணிக்கணக்கு போட்டதை இன்னும் மறக்கவில்லை. ஓசெல்டாமிவிர் மாத்திரை, அதாவது டாமிஃப்ளூ, முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். நாங்கள் அதில் பெரும்பகுதியை வீட்டில் உட்கார்ந்தே தொலைத்திருந்தோம். குழந்தை வளர வளர நுரையீரல் விரிய இடம் குறைந்துவிடும், அதனால் கர்ப்பிணிகளுக்கு இந்தக் காய்ச்சல் சட்டென்று நிமோனியாவாக மாறலாம் என்றார். மாத்திரையால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவள் பயந்தாள். "மாத்திரையைவிடக் காய்ச்சல்தாம்மா ஆபத்து" என்றார்.

மூக்குக்குள்ளும் தொண்டையிலும் குச்சியை விட்டு மாதிரி எடுத்தார்கள். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. குச்சியை ஒடித்துச் சின்னக் குழாயில் போட்டு மூடி, அதை இன்னொரு டப்பாவில் வைத்து, ஐஸ் பெட்டியில் இறக்கினார்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகலாம். ஆனால் அதற்காக யாரும் காத்திருக்கவில்லை. முதல் மாத்திரையை அங்கேயே போட வைத்தார்கள். 75 மில்லிகிராம், காலை ஒன்று, ராத்திரி ஒன்று, ஐந்து நாள். அவளைப் பார்த்துக்கொள்ளும் எனக்குத் தினம் ஒன்று வீதம் பத்து நாள்.

மகளை மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று நினைத்திருந்தேன். நல்லவேளை, கேட்டுவிட்டேன். "அனுப்பவே கூடாது" என்றார் மருத்துவர். காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே இது பரவத் தொடங்கிவிடும், அவளுக்கும் தொற்றியிருந்தால் போகிற இடத்துக்குக் கொண்டுபோவாள் என்றார். மூன்று பேரும் வீட்டிலேயே இருந்தோம். மனைவிக்குத் தனி அறை, ஜன்னல் எப்போதும் திறந்தபடி. உள்ளே நான் மட்டும் மாஸ்க் போட்டுக்கொண்டு போவேன், வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவேன். மகள் கதவுக்கு வெளியே நின்று அம்மாவிடம் பேசுவாள்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. இருக்கிறது என்று உறுதியாகிவிட்டது. சுகாதாரத் துறையிலிருந்து ஒரு அம்மா பேசினார். வீட்டுக்கு வர வேண்டும் என்றதும், "வண்டியை வாசலில் நிறுத்தாதீங்கம்மா" என்று கெஞ்சினேன். அவர் ஒன்றுமே கேட்கவில்லை. தோளில் ஒரு பையோடு நடந்தே வந்தார். அதன் பிறகு தினமும் காலையில் போன் செய்வார். காய்ச்சலைப் பற்றி அப்புறம்தான் கேட்பார், முதலில் மூச்சைப் பற்றி. மூச்சு வாங்குதா, நெஞ்சு வலிக்குதா, உதடு நீலமாகுதா, குழந்தை அசையுதா. காய்ச்சல் விட்டு மறுபடி வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்ப வேண்டும் என்றார். அந்தப் போன் வரும்வரை எனக்கு எந்த வேலையும் ஓடாது.

எப்படியோ விஷயம் வெளியே தெரிந்துவிட்டது. "நீங்கதான் பன்றிக்கறியே சாப்பிட மாட்டீங்களே, எப்படி வந்துச்சு?" என்று உண்மையான குழப்பத்தோடு கேட்டவர்கள் உண்டு. பெயர் செய்த கேடு அது. இது மனிதரிடமிருந்து மனிதருக்கு இருமல், தும்மல் வழியாகத்தான் பரவிக்கொண்டிருந்தது. உலக சுகாதார நிறுவனம் ஏப்ரல் கடைசியிலேயே பன்றி என்ற சொல்லைக் கைவிட்டு ஏ எச்1என்1 என்று சொல்லத் தொடங்கியது. அதற்குள் எகிப்தில் நாட்டிலுள்ள பன்றிகளையெல்லாம் கொல்ல உத்தரவே போட்டிருந்தார்கள். தெருவில் இருப்பவர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

மகளின் பள்ளியில் ஒரு மாதம் அனுப்ப வேண்டாம் என்றார்கள். அந்த அம்மாவே அவர்களிடம் பேசி, அறிகுறி இல்லாத பிள்ளைக்கு ஒரு வாரம் போதும் என்று புரியவைத்தார்.

ஆறாம் நாள் காய்ச்சல் முழுதாக விட்டது. இருமல் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. நவம்பரில் பையன் பிறந்தான், நல்ல எடையோடு.

அதற்கு முன்பே, அவளால் நன்றாக நடக்க முடிந்ததும், தெருக்கோடி வீட்டுக்குப் போனோம். அந்தப் பையனின் அம்மாதான் கதவைத் திறந்தார். நானும் எதிர்ப்பக்கம் மாறி நடந்தவன்தான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"தெரியும். ஜன்னல்ல நின்னு பாத்துட்டுதான் இருந்தேன்" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம் என் மனைவியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய் உட்கார வைத்தார்.