புது ஸ்டீரியோ பாடியது, பேட்டரி படுத்தது

இருபது வருஷத்துக் கார். கேசட் ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்ட ஒரு மதியம் போதும் என்று உட்கார்ந்தேன். நான்கு நாள் பிடித்தது.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றியது, பழைய செட்டை உருவியது எல்லாம் பத்து நிமிஷம். பழசு, புதுசு இரண்டுமே சிங்கிள் டின் என்கிற பொது அளவு, 180க்கு 50 மில்லிமீட்டர், அதனால் டேஷ்போர்டில் வெட்ட வேண்டியதில்லை. பின்னால் கை விட்டதும்தான் வயிறு கலங்கியது. யாரோ எப்போதோ சாக்கெட்டை வெட்டிவிட்டு, வயர்களை முறுக்கி டேப் சுற்றி வைத்திருந்தார்கள். டேப் உருகி விரலெல்லாம் கரும்பசை.

புது செட்டில் மஞ்சளுக்கு எப்போதும் கரண்ட் வர வேண்டும், சிவப்புக்குச் சாவி திருப்பினால் மட்டும், கருப்பு எர்த். கார் பக்க வயர்கள் வேறு நிறம். மீட்டரில் 12 வோல்ட் காட்டிய வயரில் மஞ்சள், சிவப்பு இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டேன். பாடியது! சாவியை எடுத்தால் தானாக அணையும் என்ற பழைய பழக்கத்தில், சத்தத்தைக் குறைத்துவிட்டு இறங்கினேன். வெயிலில் திரை வெளிச்சம் கண்ணில் படவில்லை. மறுநாள் காலை சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்', அவ்வளவுதான். சாவி போட்டால் 12, எடுத்தால் பூஜ்யம் காட்டும் வயரைத் தேடிப் பிடித்துச் சிவப்பை அதற்கு மாற்றிய பிறகுதான் நிம்மதி.

ஒன்றை மட்டும் உருப்படியாகச் செய்தேன். முன் ஸ்பீக்கர் இரண்டுக்கும் நெகட்டிவ் ஒரே வயர் என்பதை இணைப்பதற்கு முன்பே மீட்டரில் பார்த்துவிட்டேன். பழைய கார்கள் சிலவற்றில் இப்படி இருக்கும். புது செட்டை அதில் கொடுத்தால் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபையர் எரிந்துபோகலாம். ஆகவே ஒவ்வொரு கதவுக்கும் தனி ஜோடி வயர் இழுத்தேன். கதவுக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாய்க்குள் வயரை நுழைக்க மட்டும் இரண்டு மணி நேரம். சோப்புத் தண்ணீர் தடவிய பிறகுதான் வழி விட்டது.

பழைய ஸ்பீக்கரின் விளிம்பு, தொட்டதும் தூளாகக் கொட்டியது. புதியதன் காந்தம் தடிமன். கண்ணாடியை முழுக்க இறக்கிப் பார்த்தால் இடித்தது. காய் நறுக்கும் பிளாஸ்டிக் பலகையை வளையமாக அறுத்து அடியில் வைத்தேன். கதவின் உள்பக்க மூடியான டோர் பேடின் கிளிப் மூன்று உடைந்தது. உபரி வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

எல்லாம் மூடியதும் பாட்டில் 'பாஸ்' எனும் கனத்த அடிச்சத்தமே இல்லை. பேலன்ஸை ஒரு பக்கம் தள்ளினால் வருகிறது, நடுவில் வைத்தால் காணோம். ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறியிருந்தது. பேடைப் பிரித்து, ஒன்றரை வோல்ட் செல்லை வயரில் தொட்டுப் பார்த்தேன். கூம்பு வெளியே துள்ள வேண்டும், இது உள்ளே போனது. செட்டுக்குப் பின்னால் இரண்டு வயரை மாற்றினாலே போதும், கதவைத் தொடவே வேண்டாம் என்பது நான்காவது கிளிப்பும் உடைந்த பிறகு உறைத்தது.

கடைசியாக, ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஏறிய 'ஙொய்' சத்தம். எர்த்தை பெயிண்ட் அடித்த தகட்டில் முறுக்கியிருந்தேன். பெயிண்டைச் சுரண்டி இறுக்கியதும் போய்விட்டது.

பின் ஸ்பீக்கர்களுக்கு இன்னும் இணைப்புக் கொடுக்கவில்லை. அந்தப் பக்கம் போக மனசு வரவில்லை.