அரியணை மட்டும் யாருக்கும் கிடையாது: கொர்யோ சீட்டாட்டம், இதுவரை

ஆட்டம் ஒருவழியாக உட்கார்ந்து ஆடும் பதத்துக்கு வந்துவிட்டது. கொரியாவின் கொர்யோ அரசில் 1170-இல் படைத்தலைவர்கள் கலகம் செய்து உய்ஜோங் மன்னரை இறக்கினார்கள். அதற்குப் பிறகு நூறு ஆண்டுகள் அரசர் பெயருக்கு இருந்தார். நாட்டை ஆண்டது படைக்காரர்கள். அவர்களில் கால் ஊன்றி நின்ற சுவே சுங்-ஹொன் (1149–1219) வாழ்க்கையை நான்கு பேர் ஆடும் சீட்டுக்கட்டாக்கும் வேலை இது. சார்ட் அட்டை, கத்தரி, ஸ்கெட்ச் பேனா, பிளாஸ்டிக் உறை என்று செலவு குறைவுதான். தலைவலி முழுக்க விதிகளில்.

முதல் வடிவத்தில் அரியணையைப் பிடித்தவர் ஜெயித்தார். விறுவிறுப்பாகத்தான் இருந்தது, ஆனால் அதை எந்த நாட்டு அரண்மனைக்கும் பொருத்திவிடலாம். சுங்-ஹொன் 1197-இல் ம்யொங்ஜோங்கை இறக்கி அவருடைய தம்பி சின்ஜோங்கை ஏற்றினார். அடுத்து ஹுய்ஜோங், காங்ஜோங், கோஜோங். நால்வரை ஏற்றி இருவரை இறக்கியவர், தான் மட்டும் அதில் உட்காரவே இல்லை. ஆணைகள் வாங் குலத்து அரசரின் பெயரில்தான் செல்லும். வடக்கே ஜின் பேரரசுக்கும் பதில் சொல்ல வேண்டும். ம்யொங்ஜோங் உடம்பு முடியாமல் விலகிக்கொண்டார் என்றுதான் அங்கே கடிதம் போனது.

அதனால் இப்போதைய விதி: அரசர் சீட்டு மேசை நடுவில் கிடக்கும், யாரும் கையில் எடுக்கக் கூடாது. காவல்படைச் சீட்டு அதிகம் வைத்திருப்பவர் அதை மாற்றிப் போடலாம். அரசர் இல்லாமல் ஆணைச் சீட்டு எதையும் இறக்க முடியாது. “அப்போ எனக்கு இதுல என்ன லாபம் மாமா?” என்றாள் அக்கா மகள். நிலமும் பதவியும் என்றேன். அரை மனதோடு ஒத்துக்கொண்டாள்.

தொடக்கச் சீட்டு, புறா. நிஜமாகவே புறாதான். அப்போது அதிகாரத்தில் இருந்தவர் யி உய்மின், அடிமைத் தாய்க்குப் பிறந்து படையில் ஏறி வந்தவர். அவர் மகன், சுங்-ஹொனின் தம்பி சுங்-சுவின் புறாக்களைப் பறித்துக்கொண்டான். கேட்கப்போன சுங்-சுவைக் கட்டிப்போடவும் சொன்னான். அந்த அவமானத்தோடு சுங்-சு அண்ணனிடம் வந்தார். 1196-இல் மலையடிவார மாளிகை வாசலில் உய்மின் குதிரை ஏறும்போது தம்பியின் வெட்டு தவறியது, அண்ணனின் வெட்டு தவறவில்லை. புறாவா காரணம் என்றால் இல்லை, ஆனால் சாக்கு அதுதான். சீட்டில் புறாவின் படம் மட்டும் போட்டிருக்கிறேன், விளக்கம் எழுதவில்லை.

தம்பிச் சீட்டுதான் கட்டிலேயே எனக்குப் பிடித்தது. ஆரம்பத்தில் அது கையில் இருந்தால் காவல்படையின் பலம் இரட்டிப்பு. அரசர் மாறிய அடுத்த சுற்றில் அதே சீட்டு எதிரி. 1197-இல் நடந்ததும் அதுவே: சுங்-சு தன் மகளைப் பட்டத்து இளவரசருக்குக் கட்டிவைக்கப் பார்த்தார், அதற்காக இருந்த மனைவியைத் துரத்தவைத்தார். அண்ணன் தடுத்தார். தலைநகர் கேக்யோங் தெருக்களில் அண்ணன் தம்பி படைகள் மோதின. தம்பியின் தலை வந்தபோது அண்ணன் அழுதார் என்று கொர்யோ வரலாற்று நூல் எழுதுகிறது. உண்மையாக அழுதிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த நாள் வேலை நின்றிருக்காது என்றும். கூட ஆடிய என் தம்பி இந்தச் சீட்டைப் பார்த்து, “பேரை மாத்துண்ணே” என்றான். மாற்றவில்லை.

மன்ஜொக் சீட்டைப் பலமுறை திருத்தினேன். மன்ஜொக் சுங்-ஹொன் வீட்டு அடிமை. 1198-இல் விறகு பொறுக்கும் சாக்கில் மலையில் அடிமைகளைக் கூட்டி, அரசர்களும் அமைச்சர்களும் என்ன தனி விதையா என்று கேட்டவர். மஞ்சள் காகிதத்தில் ஆயிரக்கணக்கில் அடையாளச் சீட்டு வெட்டினார்கள். ஆளுக்கு ஆள் எஜமானனைக் கொன்று அடிமைப் பதிவேடுகளை எரிப்பது திட்டம். ஒருவன் தன் எஜமானனிடம் சொல்லிவிட்டான். நூறு பேருக்கு மேல் ஆற்றில் எறியப்பட்டார்கள். சொன்னவனுக்கு வெள்ளியும் விடுதலையும் கிடைத்தன. முதலில் இதை வெறும் “ஒரு காவல்படை இழப்பு” என்று எழுதியிருந்தேன், படிக்கவே கூசியது. இப்போது இந்தச் சீட்டு வந்தால் நிலம் அதிகம் வைத்திருப்பவர் ஒரு சுற்று முழுக்கக் கையைத் திறந்து காட்ட வேண்டும். பயம் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே வந்து சேர்ந்தது.

ஹுய்ஜோங் சீட்டு நேரடியானது. 1211-இல் அரண்மனைக்குள் சுங்-ஹொனின் ஆட்களை விருந்து என்று தனியே கூட்டிப்போய், ஆயுதமேந்திய துறவிகளை ஏவினார்கள். காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சிய சுங்-ஹொனுக்கு அரசர் கதவைத் திறக்கவில்லை. ஒளிந்து பிழைத்தார், பிறகு ஹுய்ஜோங்கைத் தீவுக்கு அனுப்பினார். விதி: அரண்மனைக்குள் நுழைபவர் காவல்படைச் சீட்டுகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். நடுவில் கிடந்த சீட்டும் கடிக்கும் என்று தெரிந்த பிறகு ஆட்டமே மாறிவிட்டது, எல்லாரும் அரண்மனைக்குப் போக யோசிக்கிறார்கள்.

சரி, ஜெயிப்பது எப்படி? 1170-க்குப் பிறகு அதிகாரத்தில் இருந்த படைத்தலைவர்களின் பட்டியலைப் பார்த்ததும் பிடிபட்டது. ஜொங் ஜுங்பு 1179-இல் கொல்லப்பட்டார். அவரைக் கொன்ற க்யொங் தேசுங் 1183-இல் இளம் வயதிலேயே நோயில் போனார், அதிகாரம் வீட்டில் தங்கவில்லை. உய்மின் தலை போனது. சுங்-ஹொன் 1219-இல் எழுபதை ஒட்டி நோயில் படுத்து இறந்தார், அதிகாரம் மகன் சுவே உ கைக்குப் போனது. ஆகவே படுக்கையில் செத்து, மகனிடம் சீட்டுக்கட்டை ஒப்படைப்பவரே வெற்றியாளர். இதைச் சொன்னதும் என் மாமா சிரித்துவிட்டு, அதற்குப் பிறகு முழுக் கவனத்தோடு ஆடினார்.

கடைசிச் சுற்றில் இன்னும் ஒரு சிக்கல். சுங்-ஹொன் படுக்கையில் கிடக்கும்போது பார்க்க வராதே என்று உ-வுக்குச் சொல்லியனுப்பியிருந்தார். வந்தால் கொல்ல, இளைய மகன் ஹியாங் பக்கத்து ஆட்கள் காத்திருந்தார்கள். அதை ஒரு மறைவு ஏலமாக வைத்துப் பார்க்கிறேன், நான்கு பேருக்குச் சரி, மூன்று பேருக்கு இழுக்கிறது. அக்கா மகள் மங்கோலியர் சீட்டு கேட்கிறாள். அவர்கள் படையெடுத்து வந்தது 1231-இல், உ காலத்தில். அது தனிக் கட்டு.