என் பேரில் கடன், கணவர் கையெழுத்து எதற்கு? – பிஎம்இஜிபி அனுபவம்

கடன் கிடைத்து, தையல் மெஷின்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. ஆனாலும் அந்த வங்கிக் கிளையை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. சொந்தத் தொழில் தொடங்க மானியத்தோடு வங்கிக் கடன் கிடைக்கும் மத்திய அரசுத் திட்டமான பிஎம்இஜிபி-க்கு விண்ணப்பம் போடப் போகும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஆன்லைன் விண்ணப்பமும் மாவட்டத் தொழில் மையத்து வேலைகளும் சிக்கலில்லாமல் முடிந்தன. துணிப்பை தைக்கும் தொழிலுக்கு 8 லட்சம் ரூபாய்த் திட்டம். பெண்கள் சிறப்புப் பிரிவில் வருவதால் சொந்தப் பங்கு 5 சதவீதம், அதாவது 40,000 ரூபாய் போதும். எங்கள் ஊர் கிராமப் பஞ்சாயத்து என்பதால் மானியம் 35 சதவீதம். நகரம் என்றால் 25.

வங்கியில்தான் எல்லாம் நின்றது. மேனேஜர் கோப்பைத் திறக்கும் முன்பே, "சார் வரலையாம்மா?" என்றார். விண்ணப்பதாரர் நான்தான் என்றேன். "அது சரிம்மா, தொழிலை யார் பார்த்துக்கப் போறாங்க?" ஒரு பைக்குத் துணி எவ்வளவு, நூல் எவ்வளவு, தையல் கூலி எவ்வளவு என்று நானே உட்கார்ந்து போட்ட கணக்கு திட்ட அறிக்கையில் இருந்தது. அதில் ஒரு பக்கத்தைக்கூட அவர் புரட்டவில்லை. கணவரின் ஜாமீன் கையெழுத்து, அவருடைய சம்பளச் சீட்டு, வீட்டுப் பத்திரம் மூன்றையும் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

என் கணவர் கையெழுத்துப் போடத் தயாராகத்தான் இருந்தார். நான்தான் வேண்டாம் என்றேன். குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. கடன் 7.6 லட்சம்தான். அப்புறம் எதற்கு வீட்டுப் பத்திரம்?

பலமுறை அலைந்தபோதும் வாய்வார்த்தையாகவே பதில் வந்தது. கடைசியில் ஒரு கடிதம் எழுதினேன்: அடமானம் கேட்பதற்கு எந்த விதி, கடன் தர மறுத்தால் என்ன காரணம், இரண்டையும் எழுத்தில் தாருங்கள் என்று. நகலில் சீல் வைத்துத் தேதியோடு வாங்கிக்கொண்டேன். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவேன் என்பதையும் அதிலேயே எழுதியிருந்தேன். அதுவரை 'மேலிடத்தில் கேட்க வேண்டும்' என்றவர்கள், அடுத்த வாரமே இடத்தைப் பார்க்க ஆள் அனுப்பினார்கள். வீட்டுப் பத்திரப் பேச்சு அதோடு நின்றது. ஆகவே தோழிகளே, எதைக் கொடுத்தாலும் நகலில் சீல் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

இன்னும் சில விஷயங்கள். நிலம் வாங்கும் செலவைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது. ஒரு குடும்பத்தில் கணவன், மனைவி இருவரில் ஒருவருக்குத்தான் இந்த உதவி. கணவர் ஏற்கெனவே வாங்கியிருந்தால் உங்களுக்குக் கிடைக்காது. சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு இலவசம், பணம் கேட்கும் இணையதளங்கள் பக்கம் போகவே வேண்டாம். மானியம் கையில் ரொக்கமாக வராது. 3 வருடம் வங்கியிலேயே உங்கள் பெயரில் வைப்பில் இருந்து, பிறகு கடனில் கழியும். மானியத்துக்குச் சமமான அந்தக் கடன் பகுதிக்கு வட்டி போடக் கூடாது. என் கணக்கில் போட்டிருந்தார்கள். ஸ்டேட்மென்டைப் பார்த்துக் கேட்ட பிறகே திருப்பிக் கொடுத்தார்கள். மாதாமாதம் பார்த்துவிடுங்கள்.

துணி விற்பவர் இப்போதும் சில நேரம் "ஃபோனைச் சாரிடம் கொடுங்கள், ரேட் பேசணும்" என்கிறார். ரேட் பேசுவது நான்தான் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். ஆனால் என்னிடம் தைக்கும் பெண்களுக்கு முதல் சம்பளம் கொடுத்த அன்று, அவர்களில் ஒருவர் தன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்க என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டார். மறுநாள் நானே கூடப் போனேன். அதே கிளைதான். மேனேஜர் எழுந்து, "வாங்க மேடம்" என்றார்.